சர்வரிலும் பிரவுசரிலும் ஒரே கேஷ்: பகிர்ந்துகொள்ள வழி இருக்கிறதா?

தறிநாடா · திங்கள், இரவு 9:40

வணக்கம். ஜவுளி மொத்த வியாபாரம் செய்யும் ஒரு கடைக்கு இணையதளம் செய்துகொண்டிருக்கிறேன். திரைக்கு ரியாக்ட், சர்வருக்கு நோடு, எக்ஸ்பிரஸ். நெக்ஸ்ட்ஜேஎஸ் எடுக்கவில்லை; சர்வர் ரெண்டரிங்கை நானே எழுதியிருக்கிறேன். டேட்டா எடுக்க டான்ஸ்டாக் குவெரி லைப்ரரி.

சர்வர், சரக்குப் பட்டியலை டேட்டாபேஸிலிருந்து எடுத்து எச்டிஎம்எல் ஆக்கி அனுப்புகிறது. பக்கம் அழகாக வந்து நிற்கிறது. ஆனால் பிரவுசரில் ஜாவாஸ்கிரிப்ட் ஓடத் தொடங்கியதும் அதே பட்டியலை மறுபடி கேட்கிறது. வந்திருந்த பட்டியல் மறைந்து, லோடிங் வட்டம் சுற்றி, அதே பட்டியல் திரும்ப வருகிறது. கடைக்காரர் பார்த்துவிட்டு, "எதுக்குப்பா பக்கம் கண்ணச் சிமிட்டுது?" என்கிறார்.

கேஷ் (ஒருமுறை எடுத்த டேட்டாவைத் திரும்பப் பயன்படுத்த வைக்கும் இடம்) என்று ஒரு ஃபைல் போட்டு, அதில் ஒரு மேப் (கீ கொடுத்தால் மதிப்பைத் தருவது) வைத்து, சர்வர் கோடும் க்ளையன்ட் கோடும் அதையே இம்போர்ட் செய்யும்படி எழுதினேன். சர்வர் பக்கம் பிரமாதம்: இரண்டாவது முறை டேட்டாபேஸுக்கே போவதில்லை. பிரவுசரில் பார்த்தால் மேப் காலி. இரண்டு பக்கமும் கீ 'சரக்கு' என்ற ஒரே சொல்தான். ரெடிஸ் (தனியாக ஓடும் கேஷ் சர்வர்) வைத்தால் சரியாகுமா? பிரவுசரிலிருந்து ரெடிஸோடு பேச முடியுமா?

கூடுதல் தகவல்: சுமார் 400 ரகங்கள். பெயர், படம், அளவு, இருப்பு, அப்புறம் விலை. எந்த டீலர் லாகின் செய்திருக்கிறாரோ அவரைப் பொறுத்து விலை மாறும்.

நோடுவாசி · திங்கள், இரவு 10:05

நீங்கள் பகிர்ந்தது ஃபைலை மட்டும்தான், மெமரியை இல்லை. ஒரே சமையல் குறிப்பு இரண்டு வீட்டில் இருக்கலாம். இந்த வீட்டில் வடித்த சோறு அந்த வீட்டுப் பானையில் இருக்காது. பண்ட்லர் (பிரவுசருக்கான கோடைக் கட்டித் தரும் கருவி) உங்கள் ஃபைலின் இன்னொரு பிரதியை பிரவுசருக்கு அனுப்புகிறது, அங்கே மேப் புதிதாகப் பிறக்கிறது, காலியாக.

அதனால் கேஷில் இருப்பதைக் கையோடு அனுப்ப வேண்டும். அனுப்புவதற்கு வாகனம் ஏற்கெனவே இருக்கிறது: அந்த எச்டிஎம்எல் தான். சர்வரில் ரெண்டர் முடிந்ததும் கேஷின் உள்ளடக்கத்தை ஜேசன் (டேட்டாவை எழுத்தாக எழுதும் வடிவம்) ஆக்கி ஒரு ஸ்கிரிப்ட் டேக்கில் வையுங்கள். பிரவுசரில் ரியாக்ட் ஹைட்ரேட் ஆவதற்கு (வந்த எச்டிஎம்எல்லோடு இணைந்து இயங்கத் தொடங்குவதற்கு) முன்னால் அதை எடுத்துப் புதிய கேஷில் ஊற்றுங்கள். முதல் ரெண்டரிலேயே டேட்டா கையில் இருக்கும், வட்டம் சுற்றாது.

எல்லா லைப்ரரியிலும் இதே கதைதான், பெயர்தான் வேறு. அப்பல்லோவில் சர்வரில் எக்ஸ்ட்ராக்ட், பிரவுசரில் ரீஸ்டோர். டான்ஸ்டாக்கில் டீஹைட்ரேட் செய்து அனுப்பி, இந்தப் பக்கம் ஹைட்ரேஷன் பவுண்டரிக்குள் கொடுப்பார்கள். ரீடக்ஸில் ப்ரீலோடட் ஸ்டேட். உங்களுக்கு மேப்பே வேண்டாம். டான்ஸ்டாக்கின் குவெரி க்ளையன்ட்டுக்குள்ளேயே கேஷ் இருக்கிறது.

ரெடிஸ் கேள்விக்கு: அதற்குத் தேவையான வெறும் டிசிபி சாக்கெட்டை (நேரடி இணைப்பை) பிரவுசரால் திறக்க முடியாது. முடிந்தாலும் திறக்கக் கூடாது.

தறிநாடா · செவ்வாய், காலை 11:20

நன்றி அண்ணா. டீஹைட்ரேட் செய்து அனுப்பிவிட்டேன். லோடிங் வட்டம் போய்விட்டது. ஆனால் நெட்வொர்க் டேபைத் திறந்து பார்த்தால் பக்கம் வந்த உடனே அதே கோரிக்கை பின்னால் போகத்தான் செய்கிறது. அப்படியென்றால் கேஷ் எதற்கு?

வெள்ளோட்டம் · செவ்வாய், காலை 11:48

ஸ்டேல்டைம் (டேட்டா எவ்வளவு நேரம் புதியதாகக் கருதப்படும் என்ற அளவு) கொடுத்திருக்க மாட்டீர்கள். டான்ஸ்டாக்கில் அதன் இயல்பு மதிப்பு 0. அதாவது டேட்டா வந்த கணமே பழையது. இருப்பதைக் காட்டிவிட்டு, பின்னாலேயே புதியதைக் கேட்கும். சர்வர் ரெண்டரிங் இருந்தால் 0 வைக்கக் கூடாது. ஒரு நிமிடம், அதாவது 60,000 மில்லிசெகண்ட் வைத்துத் தொடங்குங்கள்.

இதில் கவனிக்க ஒன்று உண்டு. டீஹைட்ரேட் ஆகும்போது டேட்டாவோடு அது சர்வரில் எடுக்கப்பட்ட நேரமும் போகிறது. பிரவுசர் வயதைக் கணக்கிடுவது அந்த நேரத்திலிருந்து, பக்கம் திறந்த நேரத்திலிருந்து அல்ல. கணக்கு யுடிசியில் (உலகப் பொது நேரத்தில்) நடப்பதால் நேர மண்டலம் தொல்லை தராது, ஆனால் கடிகாரமே தவறாக இருந்தால் தரும். போனில் கடிகாரத்தைப் பத்து நிமிடம் வேகமாக வைத்திருக்கும் ஆட்கள் நம் ஊரில் ஏராளம். அந்தப் போனில் எல்லா டேட்டாவும் வரும்போதே பத்து நிமிடப் பழசு. உங்கள் ஒரு நிமிட ஸ்டேல்டைம் அங்கே வேலைக்காகாது. பெரிய கேடு இல்லை, கூடுதலாக ஒரு கோரிக்கை போகும், அவ்வளவுதான். "என் போனில் மட்டும் ஏன் இரண்டு தடவை?" என்று யாராவது கேட்டால் அங்கே பாருங்கள்.

இன்னொன்று: இயல்பாக, வெற்றிகரமாக முடிந்த குவெரிகள் மட்டுமே பொதியில் ஏறும். சர்வரில் ஒரு குவெரி தோற்றால் அது போகாது, பிரவுசர் தானாகக் கேட்டுக்கொள்ளும்.

கல்மண்டபம் · செவ்வாய், பிற்பகல் 2:10

எல்லோரும் இரட்டைக் கோரிக்கையையே பார்க்கிறீர்கள். முதல் பதிவில் அதைவிடப் பெரிய விஷயம் இருக்கிறது. திரும்பப் படியுங்கள்: மேப் மாட்யூல் மட்டத்தில் (எந்த ஃபங்ஷனுக்கும் உள்ளே இல்லாமல், ஃபைலின் மேல்மட்டத்தில்) இருக்கிறது. கீ 'சரக்கு'. விலை டீலருக்கு டீலர் மாறும்.

நோடு ப்ராசஸ் (ஓடும் ஒரு பிரதி) ஒன்று எழுந்தால், ரீஸ்டார்ட் ஆகும்வரை அந்த மேப் உயிரோடு இருக்கும். வருகிற எல்லாக் கோரிக்கைக்கும் அது ஒன்றுதான். காலை பத்து மணிக்கு முதல் டீலர் வருகிறார். அவருக்கு மீட்டருக்கு 92 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். 'சரக்கு' என்ற கீயில் அது உட்கார்ந்துவிட்டது. பத்தே கால் மணிக்கு 101 ரூபாய் விலை கொண்ட டீலர் வருகிறார். மேப்பில் இருக்கிறது, டேட்டாபேஸுக்குப் போக வேண்டாம், 92 ரூபாய்ப் பட்டியல் அவருக்குப் போகிறது. மொத்த வியாபாரத்தில் இது எப்பேர்ப்பட்ட சண்டை என்று உங்கள் கடைக்காரரைக் கேட்டுப் பாருங்கள்.

இது சோதனையில் சிக்காது. உங்கள் மெஷினில் ஒரு நேரத்தில் ஒரே ஆள்தான், நீங்கள்தான். வியூ ஃப்ரேம்வொர்க்கின் ஆவணங்களில் சர்வர் ரெண்டரிங் பகுதியில் இதற்குத் தனித் தலைப்பே வைத்திருக்கிறார்கள்: ஒரு கோரிக்கையின் நிலை இன்னொன்றில் கலப்பது. பிரவுசரில் இந்தப் பழக்கத்தால் எதுவும் ஆகாது, ஏனென்றால் அங்கே ஒவ்வொரு பயனருக்கும் மாட்யூல் புதிதாக ஏறுகிறது. சர்வரில் அப்படி இல்லை. பிரவுசருக்கு எழுதிப் பழகிய கை சர்வருக்கும் அப்படியே எழுதிவிடுகிறது.

கேஷ் அடுக்கு வேறாக இருந்தாலும் விளைவு இதேதான். 2015 டிசம்பர் 25 அன்று ஸ்டீம் என்ற ஆன்லைன் கேம் கடையில் நடந்தது நினைவிருக்கலாம். சேவை முடக்கத் தாக்குதல் வந்தது. வழக்கமான தள்ளுபடிக் காலத்தைவிட 2000 சதவீதம் அதிகப் போக்குவரத்து என்று ஸ்டீமை நடத்தும் வால்வ் சொன்னது. அதைச் சமாளிக்க கேஷ் விதிகளை மாற்றினார்கள். இரண்டாவதாகப் போட்ட அமைப்பு, லாகின் செய்தவர்களுக்குரிய பக்கங்களையும் கேஷ் செய்துவிட்டது. ஒருவருடைய கணக்குப் பக்கம் இன்னொருவருக்குத் திறந்தது: மின்னஞ்சல், பில் முகவரி, வாங்கியவற்றின் பட்டியல், அட்டை எண்ணின் கடைசி இரண்டு இலக்கம். ஒன்றரை மணி நேரத்தில் சுமார் 34,000 பேரின் விவரம் அப்படிப் போயிருக்கலாம் என்பது அவர்கள் கணக்கு.

ஆகவே: குவெரி க்ளையன்ட்டை மாட்யூல் மட்டத்தில் உருவாக்காதீர்கள். எக்ஸ்பிரஸ் ஹேண்ட்லருக்குள் (கோரிக்கைக்குப் பதில் தரும் ஃபங்ஷனுக்குள்), ஒவ்வொரு கோரிக்கைக்கும் புதிதாக ஒன்று. பதில் போனதும் அது குப்பைக்கு.

தறிநாடா · செவ்வாய், பிற்பகல் 2:32

அய்யய்யோ. மேப்பைத் தூக்கிவிட்டேன். குவெரி க்ளையன்ட்டும் ஹேண்ட்லருக்குள் போய்விட்டது. நல்லவேளை, தளம் இன்னும் டீலர்களுக்குத் திறக்கவில்லை.

யாழ்நிரல் · செவ்வாய், மாலை 6:15

கல்மண்டபம் சொல்வது சரி, ஆனால் பாதிதான். கோரிக்கைக்கு ஒரு கேஷ் என்றால் அது கேஷே இல்லை. 400 ரகத்தின் பெயரும் படமும் ஒவ்வொரு முறையும் டேட்டாபேஸிலிருந்து வரும். பெயரும் படமும் எல்லா டீலருக்கும் ஒன்றுதானே? அதை ஏன் ஆளுக்கு ஆள் எடுக்க வேண்டும்?

பட்டியலை இரண்டு குவெரியாகப் பிரியுங்கள். சரக்கு விவரம் (பெயர், படம், அளவு) ஒன்று, அது எல்லோருக்கும் பொது. விலை இன்னொன்று, அதன் கீயில் டீலர் எண் கட்டாயம். பொதுவானதை மாட்யூல் மட்ட கேஷில் தாராளமாக வைக்கலாம். வெறும் மேப் வேண்டாம், அது வளர்ந்துகொண்டே போகும். எல்ஆர்யு-கேஷ் (நிரம்பினால் நெடுநேரம் தொடாததை நீக்கிவிடும் கேஷ்) பேக்கேஜ் எடுத்து, அதிகபட்ச எண்ணிக்கையும் ஆயுளும் கொடுங்கள். விலை மட்டும் கோரிக்கையோடு பிறந்து கோரிக்கையோடு சாகட்டும். ரெண்டர் செய்யும்போது இரண்டையும் சேர்த்துக்கொள்ளலாம்.

அப்புறம், கேஷில் விடையை வைப்பதைவிட ப்ராமிஸை (பின்னால் வரப்போகும் விடைக்கான ஆப்ஜெக்டை) வையுங்கள். ஆயுள் முடிந்த அந்த நொடியில் முப்பது கோரிக்கை ஒன்றாக வந்தால், விடையை வைத்திருந்தால் முப்பதும் டேட்டாபேஸுக்கு ஓடும். ப்ராமிஸ் இருந்தால் முதலாவது ஓடும், மற்றவை அதற்காகக் காத்திருக்கும். தோற்ற ப்ராமிஸை உடனே நீக்கிவிட வேண்டும், இல்லாவிட்டால் ஆயுள் முடியும்வரை எல்லோருக்கும் அதே பிழையே கிடைக்கும்.

கல்மண்டபம் · செவ்வாய், மாலை 6:40

ஒப்புக்கொள்கிறேன். பொது கேஷுக்குள் போகும் ஃபங்ஷன்கள், கோரிக்கை ஆப்ஜெக்டைக் கையில் வாங்கவே கூடாது என்று ஒரு விதி வைத்துக்கொண்டால் போதும். குக்கி கையில் இல்லாத ஃபங்ஷனால் யாருடைய தனி விவரத்தையும் எடுத்து வைக்க முடியாது. கோட் ரிவ்யூவில் பார்க்கவும் எளிது.

ஆங்குலர் ஃப்ரேம்வொர்க் இதையே இயல்பாக வைத்திருக்கிறது. அதன் எச்டிடிபி க்ளையன்ட், சர்வரில் செய்த கெட், ஹெட் கோரிக்கைகளின் பதிலைப் பிரவுசருக்குக் கொண்டு போகும். ஆனால் ஆத்தரைசேஷன் ஹெடர் (கேட்பவர் யார் என்று காட்டுவது) உள்ள கோரிக்கையை, நாமாகச் சொன்னால் ஒழிய எடுத்துப் போகாது.

புதுவரவு_03 · செவ்வாய், இரவு 8:02

பிஎம்2வில் (நோடு ப்ராசஸ்களை நிர்வகிக்கும் கருவி) நாலு ப்ராசஸ் ஓட்டுகிறோம். அப்போது மாட்யூல் கேஷ் நாலு இருக்குமா?

யாழ்நிரல் · செவ்வாய், இரவு 8:09

நாலுதான். ரகத்தின் பெயரை மாற்றினால், மாற்றிய கோரிக்கையை வாங்கிய ப்ராசஸ் மட்டும் தன் கேஷை அழிக்கும். மற்ற மூன்றும் ஆயுள் முடியும்வரை பழைய பெயரைக் காட்டும். பக்கத்தை ரீஃப்ரெஷ் செய்யச் செய்ய பெயர் மாறி மாறி வரும். பார்ப்பவர்களுக்குப் பேய் பிடித்த மாதிரி இருக்கும். ரெடிஸ் பப்-சப்பில் (கேட்கும் எல்லோருக்கும் செய்தி பரப்பும் வசதியில்) "இந்தக் கீ செத்தது" என்று ஒரு செய்தி அனுப்பி நாலும் அழித்துக்கொள்வது ஒரு வழி. ஆயுளை முப்பது நொடி வைத்துவிட்டுச் சும்மா இருப்பது இன்னொரு வழி. ஜவுளிப் பட்டியலுக்கு இரண்டாவதே போதும் என்பேன். சர்வர்லெஸ்ஸில் (க்ளவுடே தேவைக்கேற்பப் பிரதிகளை ஓட்டும் முறையில்) இருந்தால் எத்தனை பிரதி ஓடுகிறது என்பதே நம் கையில் இல்லை, அங்கே மெமரி கேஷை நம்பி எதையும் கட்டாதீர்கள்.

இரவுக்காவல் · செவ்வாய், இரவு 11:30

ரெடிஸுக்குப் போனால் கலப்படம் தானாக நின்றுவிடும் என்று யாரும் நினைக்க வேண்டாம். 2023 மார்ச் 20 அன்று சாட்ஜிபிடியில் சிலருக்கு மற்றவர்களின் உரையாடல் தலைப்புகள் தெரிந்தன. காரணம், ரெடிஸ்-பை என்ற பைத்தான் லைப்ரரியில் இருந்த ஒரு பிழை. கோரிக்கை கனெக்‌ஷனில் போன பிறகு, பதில் வருவதற்குள் அது ரத்தானால், அந்தப் பதில் கனெக்‌ஷனிலேயே தங்கிவிடும். அடுத்து அதே கனெக்‌ஷனை எடுக்கிறவருக்கு முன்னவருடைய பதில் கிடைக்கும். ஒன்பது மணி நேரத்தில் இயங்கிய பிளஸ் சந்தாதாரர்களில் 1.2 சதவீதம் பேரின் கட்டண விவரமும் வெளியே தெரிந்திருக்கலாம் என்று ஓபன்ஏஐ அறிவித்தது. கீ எல்லாம் அங்கே ஒழுங்காகத்தான் இருந்தது.

அவர்கள் பின்னர் சேர்த்த காவல்களில் ஒன்று நமக்கும் ஆகும்: கேஷிலிருந்து வந்த டேட்டா, கேட்ட பயனருடையதுதானா என்று மறுபடி சரிபார்ப்பது. விலைப் பட்டியலுக்குள்ளேயே டீலர் எண்ணை வைத்துவிட்டு, வெளியே எடுக்கும்போது செஷனோடு ஒப்பிடுங்கள். ஒரே ஒரு இஃப்.

நோடுவாசி · புதன், காலை 9:15

தறிநாடா, ஸ்கிரிப்ட் டேக்கில் எப்படி வைத்தீர்கள்? வெறும் ஜேசன் ஸ்ட்ரிங்கிஃபை மட்டும் என்றால் நிறுத்துங்கள்.

சரக்கு விவரணையில் யாராவது ஸ்கிரிப்ட் டேக்கை மூடும் குறியை அப்படியே தட்டி வைத்தார் என்று வையுங்கள். ஜேசனைப் பொறுத்தவரை அது மேற்கோளுக்குள் இருக்கும் சாதாரண எழுத்துகள், தொடவே தொடாது. ஆனால் எச்டிஎம்எல் பார்சருக்கு ஜாவாஸ்கிரிப்ட்டும் தெரியாது, மேற்கோளும் தெரியாது. மூடும் குறியைப் பார்த்த இடத்தில் ஸ்கிரிப்ட் முடிந்தது என்று எடுத்துக்கொள்ளும். அதற்குப் பின் வருவது பக்கத்தின் எச்டிஎம்எல். அங்கே இன்னொரு ஸ்கிரிப்ட் திறந்திருந்தால் அது ஓடும், பார்க்கிற டீலரின் செஷனோடு. எக்ஸ்எஸ்எஸ் என்பது இதுதான்.

மாற்று எளிது: ஸ்ட்ரிங்கிஃபை செய்த பிறகு, கோண அடைப்பின் திறப்புக் குறி ஒவ்வொன்றையும் அதன் யூனிகோட் எஸ்கேப்பாக (எழுத்துக்குப் பதில் அதன் எண் குறியாக) மாற்றுங்கள். ஜேசனாகப் படிக்கும்போது அதே எழுத்தாகத் திரும்பிவிடும், பார்சர் கண்ணில் மட்டும் படாது. சீரியலைஸ்-ஜாவாஸ்கிரிப்ட் பேக்கேஜும் இதைச் செய்யும்.

விண்டோவில் வேரியபிளாக வைப்பதற்குப் பதிலாக, அந்த டேக்கின் டைப்பை ஜேசன் என்று கொடுத்து, உள்ளே இருக்கும் எழுத்தை எடுத்து ஜேசன் பார்ஸ் செய்யுங்கள். அது ஓடும் ஸ்கிரிப்ட் அல்ல என்பதால் சிஎஸ்பி (எந்த ஸ்கிரிப்ட் ஓடலாம் என்று பிரவுசருக்குச் சொல்லும் விதி) தடுக்காது. பெரிய டேட்டாவுக்கு இதுவே வேகமும்கூட: ஜாவாஸ்கிரிப்ட் ஆப்ஜெக்டாக எழுதினால் முழு மொழி இலக்கணத்தோடு பார்க்க வேண்டும், ஜேசனுக்கு இலக்கணம் சின்னது. பத்து கேபிக்கு மேல் போனால் ஜேசன் பார்ஸ் நல்லது என்று வி8 (க்ரோமின் ஜாவாஸ்கிரிப்ட் இன்ஜின்) குழுவே 2019இல் எழுதியது. எஸ்கேப் மட்டும் இதற்கும் வேண்டும், மறந்துவிடாதீர்கள்.

தறிநாடா · புதன், காலை 10:50

டைப்பை மாற்றிவிட்டேன், எஸ்கேப்பும் போட்டாயிற்று. இப்போது வேறொன்று உடைகிறது. இருப்பு கடைசியாகப் புதுப்பிக்கப்பட்ட தேதியை வைத்து வரிசைப்படுத்துகிறேன். சர்வரில் சரியாக ஓடுகிறது, பிரவுசரில் "கெட்டைம் என்ற ஃபங்ஷன் இல்லை" என்று விழுகிறது.

வெள்ளோட்டம் · புதன், காலை 11:05

ஜேசன் வழியாகப் போனால் டேட், ஸ்ட்ரிங் ஆகிவிடும். திரும்பி டேட்டாக மாறாது. அன்டிஃபைன்ட் இருந்த ஃபீல்டு காணாமல் போகும், என்ஏஎன் நல் ஆகும், மேப்பும் செட்டும் வெறும் காலி ஆப்ஜெக்ட் ஆகும். பிக்இன்ட் மட்டும்தான் நேர்மையாகப் பிழை எறியும். மற்றவை எல்லாம் சத்தமில்லாமல் மாறுகின்றன.

சூப்பர்ஜேசன், டிவேல்யு போன்றவை வகையையும் சேர்த்து எடுத்துப் போகும். ஆனால் என் பழக்கம் வேறு: எல்லை தாண்டும் எதையும் ஸ்ட்ரிங், எண், பூலியன், நல் இவற்றோடு முடித்துக்கொள்வேன். தேதியைச் சர்வரிலேயே ஐஎஸ்ஓ ஸ்ட்ரிங்காக வைத்துவிட்டால் இரண்டு பக்கமும் ஒரே வகை. ஐஎஸ்ஓ வடிவத்தை அப்படியே எழுத்து வரிசையில் அடுக்கினாலும் கால வரிசைதான் வரும்.

தேதியைக் காட்டும் இடத்தையும் பாருங்கள். சர்வர் யுடிசியில் ஓடினால் "மாலை 6:40" என்று ரெண்டர் செய்யும். டீலரின் போனில் அதே கணம் "இரவு 12:10", மறுநாள். ஐந்தரை மணி நேர வித்தியாசம். ஹைட்ரேஷன் பொருந்தவில்லை என்று ரியாக்ட் கத்தும். இரண்டு பக்கமும் நேர மண்டலத்தை ஏசியா-கொல்கத்தா என்று வெளிப்படையாகக் கொடுத்துவிடுங்கள்.

கல்மண்டபம் · புதன், பிற்பகல் 1:30

ஒரு வேலை செய்யுங்கள். பக்கத்தைத் திறந்து, வலது க்ளிக், "வியூ சோர்ஸ்". ஜேசன் டேக்குக்குள் என்னென்ன ஃபீல்டு இருக்கிறது என்று இங்கே போடுங்கள்.

தறிநாடா · புதன், பிற்பகல் 1:52

ரக எண், பெயர், படம், அகலம், நூல் எண், இருப்பு, டீலர் விலை, கொள்முதல் விலை, சப்ளையர் எண், உருவாக்கிய தேதி...

கொள்முதல் விலை.

கல்மண்டபம் · புதன், பிற்பகல் 2:05

ஆமாம். திரையில் காட்டவில்லை என்பதால் போகவில்லை என்று அர்த்தம் இல்லை. ரியாக்ட் காம்போனென்ட் டீலர் விலையை மட்டும்தான் வரைகிறது, கேஷ் முழு வரியையும் சுமந்து போகிறது. சர்வரில் மட்டுமே ரெண்டர் செய்த காலத்தில் டெம்ப்ளேட் ஒரு சல்லடையாக இருந்தது: டேட்டாபேஸ் வரியில் நூறு ஃபீல்டு இருந்தாலும் டெம்ப்ளேட் எழுதியதுதான் வெளியே போகும். கேஷைத் தூக்கி அனுப்பத் தொடங்கியதும் அந்தச் சல்லடை போய்விட்டது. குவெரி ஃபங்ஷன் திருப்பித் தரும் ஒவ்வொரு ஃபீல்டும் பொதுவெளியில் இருக்கிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

எஸ்கியூஎல்லில் எல்லா நெடுவரிசையையும் எடுக்காமல், வேண்டியதைப் பெயர் சொல்லி எடுங்கள். "வேண்டாததை நீக்கு" என்று எழுதாதீர்கள். நாளைக்கு யாராவது லாப சதவீதம் என்று ஒரு நெடுவரிசை சேர்ப்பார், அது நீக்கல் பட்டியலில் இருக்காது.

நோடுவாசி · புதன், பிற்பகல் 2:40

அளவையும் பார்த்துவிடுங்கள். 400 ரகமும் எச்டிஎம்எல்லாக ஒரு முறை, ஜேசனாக ஒரு முறை போகிறது. ஜிசிப் கொஞ்சம் காப்பாற்றும், ஆனால் போனில் பிரித்த பிறகு முழு எடையும் பார்ஸ் ஆக வேண்டும். நெக்ஸ்ட்ஜேஎஸ்ஸில் பக்க டேட்டா 128 கேபியைத் தாண்டினால் எச்சரிக்கையே வரும். உங்களுக்கு முதல் திரைக்கு இருபது ரகம் போதும். மீதி, ஆள் கீழே இழுக்கும்போது.

புதுவரவு_03 · புதன், மாலை 5:20

குறுக்கே ஒரு கேள்வி. இத்தனை கட்டி அனுப்பி ஊற்றுவதற்குப் பதில், வெப்சாக்கெட் (திறந்தே இருக்கும் இருவழி இணைப்பு) வைத்து இரண்டு பக்கமும் உண்மையிலேயே ஒரே கேஷாக வைக்க முடியாதா? ஷேர்டுஅரேபஃபர் என்று ஒன்று இருக்கிறதே?

இரவுக்காவல் · புதன், இரவு 10:45

ஷேர்டுஅரேபஃபர் ஒரே பிரவுசருக்குள் பக்கத்துக்கும் வொர்க்கருக்கும் (பின்னணியில் ஓடும் ஸ்கிரிப்ட்டுக்கும்) நடுவே மெமரியைப் பகிர. கம்பி தாண்டாது. 2018 ஜனவரியில் ஸ்பெக்டர் என்ற ப்ராசஸர் ஓட்டை வெளிவந்ததும் பிரவுசர்கள் அதையும் அணைத்து வைத்தன; இப்போது தனிமைப்படுத்தும் ஹெடர்கள் கொடுத்தால்தான் கிடைக்கும்.

வெப்சாக்கெட் கேள்வி நல்ல கேள்வி. அதை முழுசாகச் செய்து பார்த்தது மீட்டியோர் ஃப்ரேம்வொர்க், 2012இல். பிரவுசருக்குள் மினிமாங்கோ என்று மெமரியில் ஓடும் ஒரு குட்டி டேட்டாபேஸ். சர்வரில் இருக்கும் மாங்கோ டேட்டாபேஸில் கேட்பது போலவே அதையும் கேட்கலாம். சர்வர் எதை வெளியிடுகிறதோ அந்தப் பகுதி மட்டும் டிடிபி என்ற நெறிமுறையில் கீழே வந்து, மாறும்போதெல்லாம் தானாகப் புதுப்பிக்கும். நீங்கள் ஒரு மாற்றம் செய்தால் சர்வர் பதிலுக்குக் காத்திராமல் உள்ளூர்ப் பிரதியில் உடனே தெரியும். சர்வர் மறுத்தால் பின்வாங்கும். முதன்முதலில் டெமோ பார்த்தவர்கள் வாய் பிளந்தார்கள், நானும்தான்.

செலவு எங்கே தெரிந்தது என்றால், எந்தப் பிரவுசரிடம் எந்த டாக்குமெண்ட் இருக்கிறது என்று சர்வர் நினைவில் வைத்திருக்க வேண்டும். அப்போதுதானே வித்தியாசத்தை மட்டும் அனுப்ப முடியும்? அதற்காக மீட்டியோரின் மெர்ஜ்பாக்ஸ் என்ற பகுதி, ஒவ்வொரு க்ளையன்ட்டின் டேட்டாவுக்கும் ஒரு நிழல் பிரதியைச் சர்வர் மெமரியில் வைத்தது. ஆட்கள் கூடக் கூட சர்வர் மெமரியும் கூடும். அதாவது "ஒரே கேஷ்" என்று வெளியே தெரிந்தது, உள்ளே இரண்டு கேஷும் அவற்றை ஒத்திசைக்க மூன்றாவதாக ஒரு கணக்குப் புத்தகமும். அரட்டை, கூட்டாகத் திருத்தும் ஆவணம் என்றால் அந்தச் செலவு தகும். விலைப் பட்டியலுக்குத் தகாது.

யாழ்நிரல் · வியாழன், காலை 8:30

எச்டிடிபி ஹெடரை யாரும் பேசவில்லை. உள்ளே எவ்வளவு பிரித்து வைத்தாலும், விலையோடு கூடிய எச்டிஎம்எல்லை முன்னால் இருக்கும் சிடிஎன் (பக்கங்களின் பிரதியை வைத்து எல்லோருக்கும் தரும் இடைச் சர்வர்) எடுத்து வைத்துக்கொண்டால் ஸ்டீம் கதைதான். இரண்டு வழி இருக்கிறது. விலையை எச்டிஎம்எல்லிலிருந்து எடுத்துவிட்டு, பக்கத்தைப் பொதுவாக்கி சிடிஎன்னில் வைத்து, விலையை மட்டும் பிரவுசர் தனியாகக் கேட்கலாம். அல்லது விலையோடு அனுப்பி, கேஷ்-கன்ட்ரோல் ஹெடரில் ப்ரைவேட், நோ-ஸ்டோர் (பொது கேஷில் வைக்காதே, எங்கும் சேமிக்காதே) கொடுத்துவிடலாம். நானாக இருந்தால் முதல் வழி. பக்கம் சட்டென்று வரும், கசிய ஒன்றுமில்லை.

தறிநாடா · வியாழன், காலை 9:10

கடைக்காரரிடம் கேட்டேன். "டீலர் வர்றதே ரேட் பாக்கத்தான், துணி அவங்களுக்குத் தெரியாதா" என்கிறார். விலை முதலிலேயே தெரிய வேண்டுமாம்.

யாழ்நிரல் · வியாழன், காலை 9:18

அப்படியானால் இரண்டாவது வழி. வாதமில்லை.

கல்மண்டபம் · வியாழன், காலை 9:45

படங்களுக்கும் ஜாவாஸ்கிரிப்ட் ஃபைல்களுக்கும் வழக்கம்போல நீண்ட ஆயுள் கொடுங்கள். நோ-ஸ்டோர் அந்த எச்டிஎம்எல்லுக்கும் விலை ஏபிஐக்கும் மட்டும். சிலர் பயந்துபோய் எல்லாவற்றுக்கும் போட்டுவிடுகிறார்கள்.

பிரவுசர் பக்கத்திலும் ஒரு ஓட்டை இருக்கிறது. ஒரே கம்ப்யூட்டரில் ஒரு டீலர் லாகவுட் செய்து இன்னொருவர் லாகின் செய்தால், பக்கம் முழுசாக ரீலோடு ஆகாத பட்சத்தில் குவெரி க்ளையன்ட் அதேதான். லாகவுட்டில் கிளியர் கூப்பிடுங்கள். கேஷை லோக்கல்ஸ்டோரேஜில் நிலைநிறுத்தும் ப்ளக்இன் வைத்திருந்தால் அதையும் துடைக்க வேண்டும், ரீலோடு செய்தாலும் அது போகாது.

தறிநாடா · வியாழன், இரவு 9:25

இப்போதைய நிலை: பொது விவரம் எல்ஆர்யுவில், முப்பது நொடி ஆயுள். விலை கோரிக்கைக்குள், கீயில் டீலர் எண், வெளியே எடுக்கும்போது செஷனோடு ஒப்பீடு. முதல் இருபது ரகம் மட்டும் பக்கத்தோடு போகிறது, பத்தே ஃபீல்டு. எச்டிஎம்எல்லுக்கு நோ-ஸ்டோர். லாகவுட்டில் கிளியர். சிமிட்டல் இல்லை, இரட்டைக் கோரிக்கையும் இல்லை.

ஒரே ஒரு கேள்வி மிச்சம். டீலர் இரண்டு டேப் திறந்து வைத்திருக்கிறார். ஒன்றில் ஆர்டர் போட்டால் இருப்பு குறைகிறது. மற்றொன்றில் பழைய இருப்பே நிற்கிறது. இதற்கும் சர்வரைத்தான் நாட வேண்டுமா?

வெள்ளோட்டம் · வியாழன், இரவு 9:50

வேண்டாம். பிராட்காஸ்ட்சேனல் போதும், ஒரே தளத்தின் டேப்கள் தங்களுக்குள் பேசிக்கொள்ளும். ஆர்டர் வெற்றியானதும் "இருப்பு பழசாகிவிட்டது" என்று மட்டும் செய்தி அனுப்புங்கள்; மற்ற டேப் அந்தக் குவெரியை இன்வாலிடேட் செய்து தானே கேட்டுக்கொள்ளட்டும். எண்ணையே செய்தியில் அனுப்பாதீர்கள், அந்த டேபில் வேறு டீலர் எண் இருந்தால் வம்பு. இடையில் இன்னொரு டீலர் ஆர்டர் போட்டால் அது இதில் தெரியாது. அதனால் ஆர்டர் பொத்தானை அழுத்தும்போது இருப்பைச் சர்வர்தான் டிரான்சாக்‌ஷனுக்குள் சரிபார்க்க வேண்டும், திரையில் என்ன எண் இருந்தாலும்.

தறிநாடா · வியாழன், இரவு 10:02

அது ஏற்கெனவே இருக்கிறது. சேனலைப் போட்டுப் பார்த்துவிட்டேன், இரண்டு டேபிலும் இருப்பு ஒன்றாகக் குறைகிறது. இழையை மூடிக்கொள்ளலாம் என்று நினைக்கிறேன்.